வண்டி சொல்வதை முதலில் கேளுங்கள், பாகத்தைப் பிறகு மாற்றுங்கள்

போன ஐப்பசியில் ஒருநாள், விடியக்காலை மூன்றரை மணி. கீரைக்கட்டு, முருங்கைக்காய், சுரைக்காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொங்கலூர்ப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து திருப்பூர் உழவர் சந்தைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. எரிந்த அரை நிமிடத்தில் வண்டி இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. இருட்டில் ஓரம் கட்டி, போனட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடினேன். பார்த்து எனக்கு என்ன தெரியும்? முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன்.

கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து வியாபாரம் பாதி முடிந்திருந்தது. வாடின கீரையை வாங்க ஆளில்லை. இயற்கைக் கீரையாக இருந்தாலும் வாடினால் வாடினதுதான்.

அந்த மஞ்சள் விளக்கு எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் செலவும், ஒரு பழைய மனக்கடனும் வைத்தது. இரண்டையும் இந்த இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. இயற்கை விவசாயப் பத்திரிகையில் எஞ்சின் சமாச்சாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலரிடம் பத்துப் பதினைந்து வருஷப் பழைய வண்டிதான் இருக்கிறது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். விதைக்கும் உரத்துக்கும் அடுத்தவனை நம்பி இருக்கக் கூடாது என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அந்தப் பேச்சு வண்டிக்கும் சேர்த்துத்தான் என்பது என் கட்சி.

ஒரு விளக்கு, மூன்று பில்

என்னுடையது 2012 மாடல் டீசல் பிக்கப். நான் வாங்கும்முன் ஒரு பனியன் கம்பெனியில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. காமன் ரயில் எஞ்சின். அதாவது டீசல் எவ்வளவு, எப்போது பாய வேண்டும் என்பதை ஈ.சி.யூ. என்கிற ஒரு கணினிப் பெட்டி முடிவு செய்யும். அந்தப் பெட்டிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் சென்சார்கள். கூலன்ட் சூடு ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றின் சூடு ஒரு சென்சார், டீசல் அழுத்தம் ஒரு சென்சார் என்று வரிசையாக இருக்கும்.

முதல் தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். "பி 0193 காட்டுதுங்க, ரயில் பிரஷர் சென்சார் போயிருச்சு" என்றார்கள். மாற்றியாயிற்று. கூலியோடு 6,400 ரூபாய். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி நடுரோட்டில் நின்றது. கட்டி இழுத்துவர 1,500. இந்த முறை "கூலன்ட் சென்சாருங்க" என்றார்கள். 1,150. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் முறை போனபோது தலையைச் சொறிந்துகொண்டு, "ஈ.சி.யூ.வே போயிருக்கும்னு நினைக்கிறேங்க. நாற்பத்திரண்டாயிரம் ஆகும். பழைய வண்டிக்கு அவ்வளவு போடறது வேஸ்ட்டுங்க, தள்ளி விட்டுருங்க" என்றார்.

விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே மாதிரி இன்னொரு வண்டி வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் நாலு ஏக்கர் மூன்று வருஷம் மிச்சம் பிடித்தாலும் கட்டாது. வங்கியில் கடன் வாங்கலாம். அதன் வட்டி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாதா?

நிட்டிங் மெஷின் பிட்டர் செய்த வைத்தியம்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகன் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியப்பா, சந்தைக்குப் போகலீங்களா?" என்றான். கதையைச் சொன்னேன்.

அவன் போனட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டான். "எஞ்சின் சூடான பின்னாடி நிக்குதுங்களா, இல்ல எடுத்ததும் நிக்குதுங்களா? மேடு பள்ளத்துல குலுங்கறப்போ நிக்குதுங்களா? ஆறின பின்னாடி தானா ஸ்டார்ட் ஆகுதுங்களா? மொத நாள் ஸ்கேன் பண்ணினாங்களே, அந்தத் தாள் இருக்குதுங்களா?"

தாள் இருந்தது. பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தேன். வங்கிப் பழக்கம், எந்தத் தாளையும் எறிய மாட்டேன். ஆனால் படித்துப் பார்த்தேனா என்றால், இல்லை. அவன் படித்தான். அதில் ஒரு கோடு அல்ல, மூன்று இருந்தன. பி 0193, பி 0118, பி 0113. டீசல் அழுத்தம், கூலன்ட் சூடு, காற்றுச் சூடு. மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை: 'ஹை'.

"பெரியப்பா, எங்க மெஷின்ல நூல் அறுந்தா லைட்டு எரியும், மெஷின் நின்னுக்கும். லைட்டு எரிஞ்சா சென்சாரைக் கழட்ட மாட்டோம். நூலைத்தான் பார்ப்போம். சில சமயம் நூலும் நல்லா இருக்கும், பஞ்சு அடைஞ்சிருக்கும். ஊதிவிட்டா சரியாப் போகும். ஒரே நேரத்துல நாலு பீடர்ல லைட்டு எரிஞ்சா, நாலு சென்சாரும் ஒண்ணாவா கெட்டுப் போகும்? நாலுக்கும் பொதுவா வர்ற லைனைத்தான் பார்க்கணும்."

வண்டி சென்சார்களுக்கு ஈ.சி.யூ.விலிருந்து 5 வோல்ட் வருகிறது. திரும்பிப் போக ஒரு எர்த் வயர். சென்சார் ஒழுங்காக இருந்தால் அதன் சிக்னல் இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் உள்ளே நிற்கும். எர்த் அறுந்துவிட்டால், வந்த 5 வோல்ட் போக வழியில்லாமல் அப்படியே சிக்னலில் ஏறி நிற்கும். ஈ.சி.யூ. அதை 'ஹை' என்று எழுதிக்கொள்ளும். என் வண்டியில் அந்த மூன்று சென்சாருக்கும் எர்த் ஒரே இடத்தில்தான் சேர்கிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவில் வைத்தான், மறு முனையைக் கூலன்ட் சென்சாரின் எர்த் பின்னில். சாவி ஆனில் இருந்தது. 0.02 வோல்ட் காட்டியது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பிறகு வயர்க்கட்டைக் கையால் மெதுவாக ஆட்டிக்கொண்டே வந்தான். எஞ்சினுக்குப் பின்பக்கம், தகரச் சுவரை ஒட்டின இடத்தில் ஆட்டினதும் மீட்டர் 4.8-க்குத் துள்ளியது. கையை எடுத்ததும் பழையபடி 0.02.

டேப்பைப் பிரித்தால், எலி கடித்த வயர். ஏழெட்டு இழையில் இரண்டு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே எலிக்கூடு. கூடு எதில் கட்டியிருந்தது தெரியுமா? வண்டி துடைக்க நான் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியில்! எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இரண்டு இழை தொட்டுக்கொள்ளும். சூடாகிக் குலுங்கினால் விட்டுவிடும். அதுதான் நோய். வயரை வெட்டி, புது வயர் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினான். சாமான் செலவு 40 ரூபாய். கூலி வாங்க மாட்டேன் என்றவன் பையில் வலியத் திணித்தது 500. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை.

கழற்றிப் போட்ட இரண்டு பழைய சென்சாரும் நல்லவைதான் என்று மீட்டரிலேயே காட்டினான். சூடு ஏற ஏறக் கூலன்ட் சென்சாரின் தடை குறைய வேண்டும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் என்பது பெரும்பாலான வண்டிகளின் கணக்கு. சொம்புத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் சுட வைத்துப் பார்த்தோம். கணக்கு அப்படியே வந்தது.

கோடு எதைச் சொல்கிறது?

கோடு என்பது தீர்ப்பு அல்ல, புகார். 'இந்தச் சென்சார் லைனில் எனக்கு வரும் சேதி நம்பும்படி இல்லை' என்று ஈ.சி.யூ. கொடுக்கும் புகார். கெட்டது சென்சாரா, வயரா, கனெக்டரா, பேட்டரியா, அல்லது சென்சார் சொன்னது நிஜம்தானா என்பதை ஆள்தான் விசாரிக்க வேண்டும்.

எழுத்தையும் எண்ணையும் படிக்கப் பத்து நிமிடம் போதும். முதலில் வரும் 'பி' என்பது எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தந்தக் கம்பெனி வைத்துக்கொண்ட கோடு. மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்று, எரிபொருள் அளவு. 3 வந்தால் எரியூட்டல், மிஸ்ஃபயர். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. 'ஹை', 'லோ' என்ற வார்த்தை இருந்தால் மின்சார லைனைச் சந்தேகப்படு. கூலன்ட் சென்சாரில் பி 0118 'ஹை' வந்தால் லைன் அறுந்திருக்கலாம். அப்போது ஸ்கேனரில் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். பொங்கலூரில் மைனஸ் 40! அதைப் பார்த்துமா சென்சாரை மாற்றுவது? பி 0117 'லோ' வந்தால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொட்டிருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில். அங்கே புகை மண்டலத்தைக் கட்டுப்படுத்த 1988 மாடல் கார்களிலிருந்து வண்டி தன்னைத் தானே சோதித்து விளக்கு போட வேண்டும் என்று விதி வந்தது. 1996-லிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே 16 முனை சாக்கெட், ஒரே கோடு முறை என்றானது. ஆளாளுக்கு ஒரு பாஷை பேசினால் மெக்கானிக் பிழைக்க முடியாது என்பதால்தான் அந்தப் பொது முறை. நம் நாட்டில் பி.எஸ். 4 விதிகளோடு படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கைவிட்டுப் பாருங்கள், அந்தச் சாக்கெட் தட்டுப்படும். கொஞ்சம் பழைய வண்டிகளில் சாக்கெட் இருக்கும், ஆனால் பேசுவது கம்பெனியின் சொந்த பாஷையாக இருக்கும். மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கும்முன் உங்கள் வண்டியில் அது பேசுமா என்று ஒரு தடவை சொருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நானும் கோடு படித்தவன்தான்

இனிச் சொல்லப்போவது வண்டிக் கதை இல்லை.

வங்கியிலும் எங்களுக்குக் கோடு உண்டு. பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவம் தாண்டியும் கட்டாமல் நின்றால் வராக்கடன். கம்ப்யூட்டரில் கணக்கு எண்ணுக்கு நேராக ஒரு குறி விழும். மேலாளர் கேட்பார், மண்டல அலுவலகம் கேட்கும். நாங்கள் ஜீப் எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

2004 வாக்கில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு ஊரில் ஒரு விவசாயி. தென்னைக்கும், கிணறு ஆழப்படுத்தவும், மோட்டாருக்கும் கடன் வாங்கியவர். தவணை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்தார். மோர் கொடுத்தார்கள். வீடு ஓட்டு வீடு, நல்ல வீடு. வாசலில் ஒரு பைக் நின்றது. "ஏனுங்க சார், தோட்டத்துப் பக்கம் ஒரு எட்டு வந்து, கெணத்துத் தண்ணியைக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க" என்றார். அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. "அப்புறம் பார்க்கலாங்க, முதல்ல வட்டியாவது கட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அறிக்கையில் எழுதினேன்: 'வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்.'

ஒரத்துப்பாளையம் கதை இந்த இதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டின அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறெல்லாம் உப்பு. தென்னை குரும்பையிலேயே கொட்டியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போதுதான் ஊரே பேசியது. ஆனால் விளக்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே எரிந்துவிட்டது. ஒவ்வொரு கிணறும் ஒரு சென்சார். ஒவ்வொரு வராக்கடனும் ஒரு கோடு. ஒரே அணைக்குக் கீழே, ஒரே நேரத்தில், வரிசையாக இத்தனை பேர் கட்டாமல் நின்றார்களே, இத்தனை பேருமா ஒன்றாக நாணயம் கெட்டுப் போவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நிட்டிங் பிட்டருக்குத் தெரிந்தது, பட்டம் படித்த அதிகாரிக்குத் தெரியவில்லை. நாலு பீடரில் லைட்டு எரிந்தால் பொது லைனைப் பார்க்க வேண்டும்.

நான் பொது லைனைப் பார்க்கவில்லை. ஆளைக் கழற்றி எறிந்தேன்.

அவர் நிலத்தில் பாதியை விற்றுக் கடனைக் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்று, நானே மண்ணில் இறங்கின பிறகு ஒருநாள் அந்த ஊருக்குப் போனேன். அவர் காலமாகிவிட்டார். மகன் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார் என்றார்கள். கிணற்றைப் போய்ப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன் பார்த்திருக்க வேண்டிய கிணறு.

தோட்டத்தில் எரியும் விளக்கு

நாம் மட்டும் என்ன வாழ்கிறது? நிலக்கடலை இலை மஞ்சளானால் மூட்டையைப் பிரித்து யூரியா போட்ட தலைமுறை நம்முடையது. இயற்கைக்கு மாறின பிறகும் அதே புத்தியோடு, மஞ்சள் கண்டால் பஞ்சகவ்யம், புழு கண்டால் வேப்பெண்ணெய் என்று பாட்டிலை மாற்றினோமே தவிரப் பழக்கத்தை மாற்றவில்லை.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து அந்தச் சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து. நம் பல்லடம், காங்கயம் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண் நிறைய. அந்த மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடும், வேர் எடுக்க முடியாது. தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். சென்சார் நன்றாக இருக்கிறது, வயர் அறுந்திருக்கிறது என்பதும் இதுவும் ஒன்றுதான். அங்கே எதைக் கொட்டினாலும் செலவுதான். வடிகால் வெட்டி, தண்ணீரை அளந்து விட்டு, தொழுவுரத்தை மக்க வைத்துப் போட்டால் வேருக்கும் இரும்புக்கும் இடையில் வழி திறக்கும்.

கைக்கு எட்டிய வைத்தியம்

விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப் போகும்முன் நாமே செய்யக்கூடியவை உண்டு. ஆனால் முதலில் ஒரு எச்சரிக்கை. சிவப்பு விளக்கு வேறு. ஆயில் அழுத்தம், எஞ்சின் கொதிப்பு இரண்டும் சிவப்பில் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி இழுவை குறையாமல் ஓடினால் பதறாமல் வீடு வந்து சேரலாம். சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் ஓட்ட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரி பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். பேட்டரி இளைத்தாலே சம்பந்தம் இல்லாத கோடெல்லாம் வரும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் கேபிளில் பச்சை பூத்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பாருங்கள். டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கனெக்டர்களைக் கழற்றி, உள்ளே ஈரம், துரு, வளைந்த பின் இருக்கிறதா என்று பார்த்துச் சொடுக்கிடும்வரை அழுத்திப் போடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று கூடுதல். விசைத்தறி, நூல் மில், பனியன் கம்பெனி பக்கம் நிற்கும் வண்டிகளில் ஏர் ஃபில்டரிலும் ரேடியேட்டர் இடுக்கிலும் பஞ்சு அடைகிறது. புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு நமக்குச் செல்லாது, முன்னாலேயே திறந்து பாருங்கள். காற்று அளக்கும் சென்சாரில் பஞ்சும் தூசியும் படிந்தாலும் கோடு வரும். அதைத் துணியால் துடைக்காதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே உண்டு.

ஸ்கேனர் கையில் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்முன் கூலன்ட் சூடும் காற்றுச் சூடும் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 24, மற்றது 60 என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கோடுகளை அழிக்கும்முன் அத்தனையையும் நோட்டில் எழுதி வாங்குங்கள். கோடு விழுந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்பதையும் பல வண்டிகளில் ஈ.சி.யூ. பதிந்து வைத்திருக்கும். "அழிச்சு விட்டுட்டேங்க, இனி வராது" என்று சொல்பவர் சாட்சியை ஊரை விட்டு அனுப்புகிறார்.

மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை

எனக்குச் சென்சார் மாற்றியவர் திருடர் இல்லை. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னிடமும் இருக்கிறது. வயரைத் தேட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு 800 ரூபாய் கேட்டிருந்தால், "சும்மா பார்த்ததுக்கா எண்ணூறு?" என்று நானே சண்டை போட்டிருப்பேன். புதுப் பாகத்துக்கு ஆறாயிரம் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன். பெட்டியில் வந்த பொருளுக்குக் காசு கொடுப்போம், யோசித்த மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் எப்படி யோசிப்பார்கள்? நம் காய்க்கு உழைப்பின் விலை கேட்கிற நாம், அடுத்தவர் உழைப்புக்கும் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். 'கண்டுபிடிக்கக் கூலி தருகிறேன், காரணம் தெரியாமல் பாகம் மாற்ற வேண்டாம்' என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்து டிராக்டர்

இது பிக்கப்போடு முடியாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதுப் புகை விதி வந்துவிட்டது. அவற்றிலும் இப்போது கணினிப் பெட்டியும் சென்சாரும் வந்தாயிற்று. சின்ன டிராக்டருக்கும் ஒருநாள் வரும். புகை குறைவது நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பெட்டியின் சாவி யார் கையில்?

அமெரிக்க விவசாயிகள் இதில் நமக்கு மூத்தவர்கள். அறுவடை நேரத்தில் டிராக்டர் நின்றால், கோடு படிக்கும் முழு மென்பொருள் கம்பெனி டீலரிடம்தான் இருக்கும், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களை உடமைக்காரரே பழுது பார்க்கும் உரிமைக்கு 2023-ல் சட்டம் போட்டது, 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே இது தொடர்பாக ஜான் டீர் கம்பெனி மீது வழக்குப் போட்டது.

நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று, வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். இணையதளம் போதாது, சட்டமாக வேண்டும். டிராக்டரோ வண்டியோ விற்கும்போதே வயரிங் படமும், கோடுகளின் முழுப் பட்டியலும், சோதிக்கும் முறையும் தமிழில் கையில் கொடுக்க வேண்டும். நம் இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், விதை உரிமைக்குப் பக்கத்தில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். எங்கள் ஊர்க் குழுவில் ஆறு பேர் சேர்ந்து பொதுவில் ஒரு ஸ்கேனரும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிட்டோம். விதைப் பெட்டி இருக்கும் அதே அலமாரியில் இருக்கிறது. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு நிட்டிங் தம்பி வந்து எங்களுக்குச் சொல்லித் தருகிறான். அவனுக்குக் கூலி உண்டு, இந்தத் தடவை வாங்கிக்கொள்கிறான். போன மாதம் ஒரு உப்பு மீட்டரும் வாங்கினோம். வண்டி முடிந்ததும் அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்த நோட்டை எழுதும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.